விமானத்தில் கமெரா கொண்டு போகிறவர்கள் கவனத்திற்கு

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று மட்டக்களப்பு மாவட்டத்தில் நமது எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், கமெராவை நம்பிப் பிழைப்பு நடத்தும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்பு ஊருக்கு ஒன்றிரண்டு ஸ்ரூடியோக்கள்தான் இருந்தன. பாஸ்போட் படம், அடையாள அட்டைப் படம், எப்போதாவது ஒரு கலியாண அல்பம் என்பதோடு அவர்களது தொழில் முடிந்துவிடும். இப்போது நிலைமை அப்படியில்லை. கலியாண வீடியோ, கடைத் திறப்பு, பாடசாலை விழா, கம்பனி விளம்பரம் என்று தொழில் விரிந்துவிட்டது. கட்டாரிலும் டுபாயிலும் இருக்கும் ஊரவர்கள், தங்கள் வீட்டு வைபவத்துக்கு ஊரிலிருந்தே ஆளை அழைக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. சென்னைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு.

இதற்காக வாங்கும் சாமான்கள் சின்ன விலையல்ல. பெரும்பாலானோர் கடன் எடுத்து, நகை வைத்து, அல்லது கூட்டாக முதல் போட்டுத்தான் வாங்குகிறார்கள். ஒரு புடவைக் கடைக்காரருக்குக் கடையில் இருக்கும் சரக்கு எப்படியோ, இவர்களுக்கு அந்தக் கமெராப் பை அப்படித்தான். ஆனால் கடைக்காரர் தன் சரக்கை லொறியில் ஏற்றும்போது காட்டும் கவனத்தை, இவர்களில் பலர் பையை விமானத்தில் ஏற்றும்போது காட்டுவதில்லை. 'விமானக் கம்பனி பொறுப்பு' என்று நினைத்துக் கொள்கிறார்கள். அந்தப் பொறுப்பு எவ்வளவு என்பதை விளங்கிக் கொண்டால், பையை எப்படிக் கட்டுவது என்பது தானாகவே விளங்கிவிடும். ஆகவே முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

கம்பனி வைத்திருக்கும் விலை

சர்வதேச விமானப் பயணத்தில் பயணப் பொதி காணாமல் போனாலோ, சேதமடைந்தாலோ, தாமதமாக வந்தாலோ விமானக் கம்பனி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு உலக உடன்படிக்கை தீர்மானிக்கிறது. 1929ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கையில் இது நிறைக் கணக்கில் இருந்தது. கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 20 டொலர். அதாவது 20 கிலோ சூட்கேஸ் காணாமல் போனால் கிடைக்கக் கூடியது 400 டொலர். உள்ளே இருந்தது பழைய துணியா, புதிய கமெராவா என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலை இல்லை.

1999ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் புதிய உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டு, 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் நிறைக்குப் பதிலாக ஆள் கணக்கு வந்தது. ஒரு பயணிக்கு ஆகக் கூடியது இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு. இந்த வரம்பு 'எஸ்.டி.ஆர்.' எனப்படும் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் சொல்லப்படுகிறது. ஆரம்பத்தில் 1,000 ஆக இருந்து, படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2024 டிசம்பர் 28ஆம் திகதி முதல் 1,519 ஆக உள்ளது. டொலரில் சொன்னால் 2,000க்குச் சற்று மேல். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக் கொண்டால் ஆறு இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட.

இதில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது ஒரு சாமானுக்கு அல்ல, உங்கள் பெயரில் உள்ள எல்லாப் பொதிக்கும் சேர்த்து. இரண்டு, இது உச்ச வரம்பு. எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் தொகை அல்ல. நட்டத்தை நிரூபித்தால் நிரூபித்த அளவுக்குத்தான் கிடைக்கும். பாவித்த சாமானுக்குத் தேய்மானமும் கழிக்கப்படலாம். மூன்று, பொருளின் சொந்தக் குறைபாட்டால் அல்லது தன்மையால் வந்த சேதத்துக்குக் கம்பனி பொறுப்பில்லை என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. 'இது எளிதில் உடையக் கூடிய பொருள், நீங்கள் சரியாகப் பொதி செய்யவில்லை' என்ற பதில் இந்த வாசலால்தான் வருகிறது. பல கம்பனிகள் தங்கள் பயண நிபந்தனைகளில், கமெரா, கணினி, நகை, பணம் போன்றவற்றைச் சூட்கேசில் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் வைத்திருக்கின்றன.

இரண்டு கமெரா, மூன்று லென்ஸ், ஒரு லப்டொப் என்று வைத்திருக்கும் ஒருவரின் முதல் பதினைந்து இலட்சத்தைத் தாண்டிவிடும் என்று வையுங்கள். கம்பனியின் உச்ச வரம்பு ஆறு இலட்சம். மிகுதி ஒன்பது இலட்சம் யாருடைய நட்டம்? உங்களுடையதுதான். சூட்கேசை நிறுவையில் வைத்து ரசீதை வாங்கும் அந்த நிமிடத்திலேயே இந்த வியாபாரத்துக்கு நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள்.

பொதியை ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை விசேடமாகப் பிரகடனம் செய்து, மேலதிகக் கட்டணம் செலுத்தினால், அந்தப் பெறுமதி வரைக்கும் கோரலாம் என்றும் உடன்படிக்கை சொல்கிறது. இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாது. ரிக்கட் எடுக்கும்போதே இதைக் கேட்டுப் பாருங்கள். கம்பனிக்குக் கம்பனி நிபந்தனை வேறுபடும்.

கிட்டார் சொன்ன பாடம்

2008 மார்ச் 31ஆம் திகதி, கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் என்ற பாடகர் தன் குழுவினரோடு ஹலிஃபாக்ஸிலிருந்து ஒமாஹா நகருக்கு யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானத்தில் போனார். சிக்காகோவில் விமானம் மாறும் இடத்தில், ஊழியர்கள் கிட்டார்களை வீசுவதை விமானத்துக்குள் இருந்தவர்கள் யன்னலால் கண்டார்கள். பிறகு பார்த்தால் அவருடைய 3,500 டொலர் பெறுமதியான டெய்லர் கிட்டார் உடைந்திருந்தது. திருத்துவதற்கு 1,200 டொலர் போனது. அவர் நட்டஈடு கேட்டார். 24 மணித்தியாலத்துக்குள் முறைப்பாடு செய்யவில்லை என்று கம்பனி மறுத்துவிட்டது. மாதக் கணக்கில் அலைந்தும் பலனில்லை. கடைசியில் 2009 ஜூலையில் அதைப் பற்றி ஒரு பாட்டே எழுதி யூடியூப்பில் போட்டார். கோடிக்கணக்கான தடவைகள் பார்க்கப்பட்டு, கம்பனிக்கு உலகம் முழுவதும் கெட்ட பெயர் வந்தது.

அவருக்குப் பாட்டு இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? நமது பகுதியில் கலியாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பியின் கதையைக் கேளுங்கள். வளைகுடா நாடொன்றில் ஒரு நிக்காஹ் வைபவத்துக்குப் போனார். கைப்பை நிறை கூடிவிட்டதால் இரண்டாவது கமெராவையும் பெரிய லென்ஸையும் உடுப்புக்குள் சுற்றிச் சூட்கேசில் வைத்தார். போய் இறங்கியதும் அழைத்துப் போக வந்தவர்கள் வெளியே காத்து நின்றார்கள். அவசரத்தில் சூட்கேசைத் திறந்து பார்க்காமலேயே வெளியே வந்துவிட்டார். இரவு அறையில் திறந்தபோதுதான் லென்ஸ் பூட்டும் வளையம் வளைந்திருப்பது தெரிந்தது. மறுநாள் கம்பனிக்கு அழைத்தார். 'விமான நிலையத்தில் எடுத்த அறிக்கை இலக்கம் என்ன?' என்று கேட்டார்கள். இல்லை. எழுத்தில் முறையிட்டார். 'வாங்கிய ரசீது எங்கே?' என்றார்கள். இரண்டாம் கையாக வாங்கியது, ரசீதும் இல்லை. அந்தக் கோரிக்கை அத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு மூன்று மாத வேலைகளை வாடகைக்கு எடுத்த லென்ஸில்தான் செய்தார்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் சாமான் உடைந்தது ஒரு நட்டம். கையில் அறிக்கை இல்லாமல் போனது அதைவிடப் பெரிய நட்டம்.

கையோடு போக வேண்டியவை

கமெரா, லென்ஸ், மெமரி கார்ட், ஹார்ட் டிஸ்க் ஆகிய நான்கும் கைப்பையில்தான் போக வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை. படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, கமெராவை விடக் கார்ட் பெறுமதியானது. கமெராவை மீண்டும் வாங்கலாம். முடிந்து போன கலியாணத்தை மீண்டும் எடுக்க முடியாது. ஆகவே கார்ட்டுகள் சட்டைப் பையில் அல்லது இடுப்புப் பையில் இருக்கட்டும். பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கூட வந்தவரின் பையில் கொடுங்கள். இரண்டும் ஒரே பையில் இருந்தால் பிரதி எடுத்ததில் பயனில்லை.

பிரச்சினை நிறையில்தான் வருகிறது. நம்மவர்கள் அதிகம் போகும் விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை அனுமதி பெரும்பாலும் 7 கிலோ. கணக்குப் பாருங்கள். பெரிய ரகக் கமெரா இரண்டு, ஒன்று 900 கிராம் வீதம் 1 கிலோ 800. எழுபது-இருநூறு லென்ஸ் ஒன்றரைக் கிலோ. இருபத்துநான்கு-எழுபது லென்ஸ் 800 கிராம். பிளாஷ் 400 கிராம். லப்டொப் 2 கிலோ. பற்றரியும் சார்ஜரும் 600 கிராம். வெறும் பை ஒன்றரைக் கிலோ. எல்லாம் சேர்த்து 8 கிலோ 600 கிராம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூட நிற்கிறது.

இதை விமான நிலையத்தில் போய்க் கண்டுபிடிக்காமல், வீட்டிலேயே கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். சார்ஜர், வயர்கள், பிளாஷ் ஆகியவற்றைச் சூட்கேசுக்கு மாற்றலாம். பிளாஷுக்குள் பற்றரி இருந்தால் முதலில் அதைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுங்கள். பாரமான கமெராப் பைக்குப் பதிலாகச் சாதாரண முதுகுப் பைக்குள் பஞ்சுத் தடுப்பு வைத்தால் அரைக் கிலோவாவது குறையும். ஒரு கமெராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொள்ளலாம். பல இடங்களில் அனுமதிப்பார்கள், ஆனால் அது உரிமை அல்ல என்பதை மனதில் வைத்து மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இரண்டு கைப்பைக்கும் சாமானைப் பங்கிடுங்கள்.

சிறிய விமானங்களில் இன்னொரு சிக்கல். யாழ்ப்பாணம் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே 2019 நவம்பரில் தொடங்கிய சேவையில் ஓடியது ஏ.டி.ஆர். ரக விமானம். அதில் தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் பாவனைக்குத் திறக்கப்பட்ட பின் வந்து போன உள்நாட்டு விமானங்கள் அதைவிடச் சிறியவை. இப்படியான விமானங்களில் ஏணிப்படியில் வைத்துக் கைப்பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். ஆகவே கைப்பைக்குள் இன்னொரு சின்னப் பை இருக்கட்டும். கேட்டவுடன் கமெராவும் பற்றரியும் உள்ள அந்தச் சின்னப் பையை உருவிக் கையில் எடுத்துக் கொண்டு, வெளிப்பையை மட்டும் கொடுக்கலாம்.

பற்றரியில் விளையாட வேண்டாம்

2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து ஜேர்மனிக்குப் புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் தீப்பிடித்து, விமானம் டுபாயிலேயே விழுந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தார்கள். அதில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரிகள் ஏற்றப்பட்டிருந்தன. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்பட இருந்த எயார் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் அனைவரும் தப்பினார்கள். மேல் பெட்டியில் இருந்த பவர்பேங்க் ஒன்றையே விசாரணையாளர்கள் சந்தேகித்தார்கள்.

விமானத்தின் அடியில் தீப்பிடித்தால் யாருக்கும் கை எட்டாது. மேலே, பயணிகள் மத்தியில் என்றால் ஊழியர்கள் உடனே அணைக்கலாம். உதிரிப் பற்றரியும் பவர்பேங்கும் சூட்கேசில் போகக் கூடாது, கைப்பையில் மட்டுமே போக வேண்டும் என்ற சட்டத்துக்கு இதுதான் காரணம். சூட்கேசில் வைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். உங்களைக் கூப்பிட்டுத் திறப்பார்கள், அல்லது பற்றரியை எடுத்துவிடுவார்கள், அல்லது சூட்கேசே ஏறாமல் நின்றுவிடும்.

எவ்வளவு கொண்டு போகலாம் என்பது 'வாட் மணி' என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. பற்றரியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜை அம்பியர் மணியால் பெருக்கினால் இது வரும். கனன் கமெராவின் எல்பி-ஈ6 பற்றரி 7.2 வோல்ட், 1.8 அம்பியர் மணி. பெருக்கினால் 13 வாட் மணி. சோனி வீடியோ கமெராவுக்கும் லைட்டுக்கும் போடும் பெரிய எஃப்970 பற்றரி ஏறக்குறைய 47. பவர்பேங்குக்கு 3.7 வோல்ட் கணக்கு. 20,000 மில்லி அம்பியர் மணி என்றால் 74 வாட் மணி. 30,000 என்றால் 111.

100 வாட் மணி வரை சாதாரணமாகக் கொண்டு போகலாம். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் கம்பனியின் அனுமதி வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டு மட்டும். 160க்கு மேல் பயணியின் பையில் போகவே கூடாது. இது பொது விதி. கம்பனிகள் இதைவிட இறுக்கமாகவும் வைக்கலாம். உதாரணமாக எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு 100 வாட் மணிக்குட்பட்ட ஒரு பவர்பேங்க் மட்டுமே என்றும், அதை விமானத்துக்குள் பாவிக்கவோ மேல் பெட்டியில் வைக்கவோ கூடாது என்றும் அறிவித்தது. அளவு அழிந்து போன, பெயரில்லாத மலிவுப் பற்றரிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அளவு தெரியாவிட்டால் அதிகாரி அதை ஏற்க மாட்டார்.

பற்றரி முனைகள் ஒன்றோடொன்று அல்லது சாவி, சில்லறைக் காசோடு முட்டினால் சூடேறும். ஒவ்வொன்றையும் அதன் பிளாஸ்ரிக் மூடியோடு, மூடி இல்லாவிட்டால் முனையில் ரேப் ஒட்டி, தனித்தனி உறையில் போடுங்கள்.

சூட்கேசில் போக வேண்டியவை

ட்ரைபொட், லைட் ஸ்ராண்ட், குடை, சார்ஜர், வயர் வகைகள் சூட்கேசில் போகலாம். ட்ரைபொட்டின் தலையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். வளைவதும் உடைவதும் பெரும்பாலும் அந்தத் தலைதான்.

வேறு வழியின்றிக் கமெரா கீழே போக வேண்டி வந்தால், கடினப் பெட்டி வேண்டும். பெலிக்கன் போன்ற பெட்டிகள் விலை கூடியவைதான், ஆனால் ஒரு லென்ஸின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. கமெராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டு, தனித்தனிக் குழியில் வையுங்கள். பூட்டிய நிலையில் விழுந்தால் லென்ஸின் முழுப் பாரமும் அந்த வளையத்தில் இறங்கும். பெட்டியைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையும் சத்தம் கேட்கக் கூடாது. அந்தப் பெட்டியை ஒரு சாதாரணப் பழைய சூட்கேசுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. வெளியே கமெராக் கம்பனியின் பெயர் எழுதிய பை, திருடனுக்கு எழுதிய விளம்பரம்.

'நான் எப்போதும் கையில்தான் கொண்டு போவேன், எனக்குப் பெட்டி எதற்கு?' என்று கேட்கலாம். 2006 ஆகஸ்ட் 10ஆம் திகதி பிரித்தானியாவில் விமானத் தாக்குதல் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கிருந்து புறப்பட்டவர்களுக்குக் கைப்பையே தடை செய்யப்பட்டது. 2017 மார்ச்சில் டுபாய், டோஹா, ஜித்தா உட்பட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில், கைத்தொலைபேசியை விடப் பெரிய மின்னணுப் பொருட்கள் எல்லாம், கமெரா உட்பட, சூட்கேசில்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்து, ஜூலை வரை நீடித்தது. இப்படியான உத்தரவுகள் முன்னறிவித்தல் இல்லாமல் வரும்.

பழைய றோல் பிலிம் பாவிக்கும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். சூட்கேஸ் சோதிக்கும் இயந்திரத்தின் கதிர் பிலிமைக் கெடுக்கும். பிலிம் கைப்பையில் போகட்டும், கையால் சோதிக்கும்படி கேளுங்கள். மெமரி கார்ட்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

ஊரிலிருந்து கட்டுநாயக்கா வரை

விமானத்தை மட்டும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தரை வழியே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் இருக்கிறது. இரவு முழுக்க வானின் பின்பக்கத்தில், மற்றவர்களின் சூட்கேசுகளுக்கு அடியில் கமெராப் பை நசுங்கிக் கிடந்தால், விமானத்தில் எவ்வளவு கவனம் எடுத்தும் பயனில்லை. புறப்படும்போதே பை உங்கள் மடியில் அல்லது காலடியில் இருக்க வேண்டும். தேநீருக்கு இறங்கினாலும் பையோடு இறங்குங்கள்.

வாவியும் கடலும் சூழ்ந்த நமது ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். குளிரூட்டிய விமானத்திலிருந்து வந்து வெளியே கமெராவைத் திறந்தால் கண்ணாடியில் நீர் படியும். அது உள்ளே போனால் பூஞ்சணம் பிடிக்கும். இறங்கியதும் படம் எடுக்க அவசரப்படாமல், பையை மூடியபடி அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் வரை வைத்திருங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளை எறியாமல் சேர்த்துக் கமெராப் பைக்குள் போடுங்கள். ஈரம் பிடித்துப் பழசானவற்றை மாற்றுங்கள்.

சுங்கத்துக்குக் காட்ட ஒரு தாள்

ஊரிலிருந்து கொண்டு போன கமெராவோடு திரும்பி வரும்போது, 'இது இப்போது வாங்கியதா?' என்று சுங்க அதிகாரி கேட்டால், இல்லை என்று வாயால் சொல்வது போதாது. அவர் கேட்பது நியாயம்தான், அவருக்கு உங்களைத் தெரியாது. ஆகவே பயணத்துக்கு முன் ஒரு தாளில் எல்லாச் சாமான்களின் பெயர், மாதிரி, தொடரிலக்கம், வாங்கிய ஆண்டு, பெறுமதி என்பவற்றை எழுதுங்கள். ரசீதுகளின் பிரதிகளை இணையுங்கள். புறப்படும்போதே விமான நிலையச் சுங்க மேசையில் சாமானையும் தாளையும் காட்டி உறுதிப்படுத்தித் தரும்படி கேளுங்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போவதில் நட்டமில்லை. இரண்டாம் கையாக வாங்கும்போதும் விற்றவரிடம் தொடரிலக்கத்தோடு ஒரு கைச்சீட்டாவது எழுதி வாங்குங்கள். இதே தாள்தான் காப்புறுதிக்கும், விமானக் கம்பனியிடம் நட்டஈடு கேட்பதற்கும் உதவும்.

தொழிலுக்காகப் பெரிய அளவில் சாமான் கொண்டு போகிறவர்களுக்கு 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற ஒரு பத்திரம் இருக்கிறது. இதைச் சாமானுக்கான பாஸ்போட் என்று சொல்லலாம். இந்தப் பத்திரம் இருந்தால் போகும் நாட்டில் தீர்வை கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வரலாம். ஆகக் கூடியது ஓர் ஆண்டு செல்லுபடியாகும். இலங்கையில் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் இலங்கை அமைப்பான ஐ.சி.சி. ஸ்ரீலங்கா இதை வழங்குகிறது. சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளும், 2011 முதல் ஐக்கிய அரபு இராச்சியமும் இதை ஏற்கின்றன. கட்டணமும் பிணையும் உண்டு. ஒரு கமெராவுக்கு இது தேவையில்லை. ஒரு குழுவாக இருபது முப்பது இலட்சத்துக்குச் சாமான் கொண்டு போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும், அங்கே ஒன்றை விற்றுவிட்டு வந்தால் தீர்வை உங்கள் தலையில் விழும்.

ட்ரோன் கொண்டு போகிறவர்கள் தனியாக விசாரிக்க வேண்டும். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் நமது நாட்டிலேயே ட்ரோன் பறக்கவிடுவது சிறிது காலம் முற்றாக நிறுத்தப்பட்டது. இந்தியா 2022 பெப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. போகும் நாட்டின் அனுமதி எழுத்தில் கையில் இல்லாவிட்டால் ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே புத்தி.

விற்பனைக்கு வாங்கி வருகிறவர்களுக்கு

டுபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்க் கமெராவும் துணைச் சாமான்களும் வாங்கி வந்து விற்கும் வியாபாரிகளுக்கு இரண்டு வார்த்தை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2018 முதல் 5 சதவீத பெறுமதி சேர் வரி உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் சூட்கேசை ஒப்படைப்பதற்கு முன்பே சாமானையும் ரசீதையும் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். ஒப்படைத்த பிறகு ரசீதை மட்டும் நீட்டினால் எடுபடாது.

மற்றது, விற்பனை அளவில் வாங்கியதைச் சொந்தப் பாவனைச் சாமான் என்று பயணப் பையில் கொண்டு வருவது சரியல்ல. பிடிபட்டால் தண்டம் கட்டியும் சரக்கு கிடைக்காமல் போகலாம். முறைப்படி கார்கோவில் அனுப்புங்கள். அப்போதும் பற்றரியை மறைத்து வைக்காதீர்கள். தனியான லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுவதும் தடை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அனுப்பும் முகவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். மேலே சொன்ன டுபாய் விபத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

காப்புறுதி

விமானக் கம்பனியின் வரம்புக்கும் உங்கள் முதலுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் காப்புறுதியால்தான் அடைக்கலாம். வட்டி கலந்த முறையில் விருப்பம் இல்லாதவர்களுக்குத் தகாபுல் முறையும் நமது நாட்டில் இருக்கிறது. எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தொழிலுக்குப் பாவிக்கும் கமெராவுக்கு இது பொருந்துமா? வெளிநாட்டிலும் பொருந்துமா? ஒரு சாமானுக்கு ஆகக் கூடிய தொகை எவ்வளவு? சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் தொழில் உபகரணங்கள் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு சாமானுக்கு மிகச் சிறிய தொகையே இருக்கும். தொடரிலக்கத்தோடு பட்டியல் போட்டு எடுக்கும் தனிக் காப்புறுதிதான் உங்களுக்குப் பயன்படும்.

உடைந்துவிட்டால்

சூட்கேஸ் சுற்றி வரும் பட்டியின் அருகிலேயே திறந்து பாருங்கள். வெளியே யார் காத்து நின்றாலும் பத்து நிமிடம் பொறுக்கட்டும். சேதம் இருந்தால் அங்கேயே உள்ள பொதிப் பிரிவில் 'பி.ஐ.ஆர்.' எனப்படும் அறிக்கையை எழுதி, இலக்கத்தோடு ஒரு பிரதியைக் கையில் வாங்குங்கள். சேதத்தையும், சூட்கேசையும், அதில் ஒட்டிய இலக்கச் சீட்டையும் படம் எடுங்கள். அந்தச் சீட்டையும் ஏறும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள்.

அறிக்கை எழுதியதோடு வேலை முடியவில்லை. மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள், தாமதமாக வந்த பொதிக்கு அது கையில் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். முறையிடாமல் பொதியை ஏற்றுக் கொண்டால், அது நல்ல நிலையில் கிடைத்ததாகவே கருதப்படும். வழக்கு என்று போவதானால் 2 ஆண்டுகள் வரைதான் காலம். தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சியாகாது. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள்.

கைப்பையில் கொண்டு போன சாமானுக்குச் சேதம் வந்தால், கம்பனியின் தவறு என்று நீங்கள் காட்டினால்தான் பொறுப்பு வரும். மேல் பெட்டியில் உங்கள் கமெராவுக்கு மேல் இன்னொருவர் பாரப் பையைத் தள்ளினால் யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே கமெராப் பை உங்கள் முன் ஆசனத்தின் அடியில் இருப்பது நல்லது.

இந்தக் கட்டுரையை வெட்டி எடுத்துக் கமெராப் பையின் உள்பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள் என்று தம்பிமாரைக் கேட்டுக் கொள்கிறேன். பற்றரி அளவு, கைப்பை நிறை, நட்டஈட்டு வரம்பு மூன்றும் காலத்துக்குக் காலம் மாறுகிறவை. ரிக்கட் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முகவரிடம் அந்த மூன்றையும் கேட்டு, இதிலேயே பேனையால் திருத்திக் கொள்ளுங்கள். தராசும் தாளும் பேனையும் வியாபாரிக்குப் புதியவை அல்ல. கடையில் வைத்துப் பாவிக்கும் அந்த மூன்றையும் பயணத்துக்கு முதல் நாள் இரவு வீட்டில் ஒரு மணி நேரம் பாவித்தால் போதும்.